கால் எட்டாத பன்னிரண்டு நாற்காலிகள்

1. இருபத்து மூன்று அளவுகள்

2024 ஜூன் 3, திங்கட்கிழமை, காலை 9 மணி 40 நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. மலை உச்சிவரை வெயில். வேங்கிக்கால் பஸ் நிறுத்தத்திலிருந்து 412 தப்படி நடந்து சேகரின் பட்டறைக்குள் நுழைந்தேன். வளைந்த பைப்பில் நாற்காலி, பெஞ்சு செய்யும் இடம். வெல்டிங்கும் சேகர்தான், முதலாளியும் அவர்தான்.

நான் அரசு அலுவலகத்தில் 33 வருடம் 4 மாதம் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எல்லாம் காகிதத்தில், பென்சிலில். சேகருக்குக் காகிதம் உதவாது. வேலூர் பக்கம் பைப் வளைத்துக் கொடுப்பவர்கள் கம்ப்யூட்டர் ஃபைல்தான் கேட்டார்கள்.

"ஒரு மாசம் பாப்போம் சார். கம்ப்யூட்டர்ல வரைய வந்தா வேலை, வரலன்னா நீங்களும் தப்பா நெனைக்கக் கூடாது, நானும் நெனைக்க மாட்டேன்" என்றார் சேகர்.

வீட்டில் மனைவியிடம் "வேலை கிடைத்துவிட்டது" என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஒரு மாதக் கதையைச் சொல்லவில்லை.

பட்டறையில் டிசைன் பார்த்தவர் கவிதா. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிட 38 வயது இளையவர். முதல் வேலையாக ஒரு நாற்காலியின் பக்கவாட்டு வளைவை வரையச் சொன்னார். திரையில் என் ஸ்கெட்ச் முழுக்கச் சிவப்பாகிவிட்டது; தப்பு என்றால் கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுமாம்.

"சார், இதுக்கு ஏழு டைமென்ஷன் போதும். நீங்க இருபத்தி மூணு குடுத்துக்கினு இருக்கீங்க."

"கம்மியா குடுத்தாதானேம்மா தப்பு? ஜாஸ்தி குடுத்தா நல்லதுதானே?"

"இல்ல சார். ஒண்ணுக்கொண்ணு சண்டை போடுது பாருங்க."

காகிதம் என்னுடன் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை.

அடுத்த நாள், 25 எம்.எம். பைப்புக்கு 10 எம்.எம். ஆரத்தில் வளைவு கொடுத்தேன். திரையில் பைப் தன்னைத் தானே விழுங்கப் பார்த்தது. அந்த வாரத்தில் 61 முறை பிழைச் செய்தி வந்தது. நோட்டில் குறித்திருக்கிறேன்.

2. பதினேழு ஈக்வேஷன்

வெள்ளிக்கிழமை கவிதா ஈக்வேஷன் போடக் கற்றுக்கொடுத்தார். ஓர் அளவை இன்னோர் அளவோடு கட்டிவிடலாம். ஒன்றை மாற்றினால் மற்றது தானே மாறும். எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. ஒரு திருத்தம் வந்தால் பதினாறு இடத்தில் பிளேடால் சுரண்டிப் புது எண் எழுதிய ஆள் நான். உட்காரும் இடத்தின் அகலம் 480. உயரம் அதில் 0.9 பங்கு, அதாவது 432. கை வளைவு, முதுகு வளைவு எல்லாவற்றையும் அகலத்தோடு கட்டினேன். மொத்தம் 17.

"எல்லாத்தையும் கட்டாதீங்க சார்" என்றார் கவிதா. கட்டிவிட்டேன்.

ஜூன் 10, திங்கட்கிழமை, கிரிவலப் பாதையில் லாட்ஜ் வைத்திருக்கும் ஏழுமலை வந்தார். பௌர்ணமிக்குள் பன்னிரண்டு நாற்காலி வேண்டும். அதற்குப் பதினோரு நாள் இருந்தது. மாதிரி நாற்காலியில் ஏறிச் சம்மணம் போட்டார். இரண்டு முட்டியும் கைப்பிடியில் இடித்தன.

"இன்னா சார் இது! பதினாலு கிலோமீட்டர் நடந்துட்டு வர்றவன் கால மடக்கித்தான் உக்காருவான். அகலம் பத்தாது."

கவிதா தன் அக்கா வீட்டு விசேஷத்துக்கு இரண்டு நாள் லீவு. நானே அகலத்தை 480-லிருந்து 640 ஆக்கினேன். ஒரே எண். மற்றதெல்லாம் தானாக மாறித் திரையில் அதே அழகான நாற்காலி நின்றது. நான்கு நிமிடத்தில் ஃபைல் வேலூருக்குப் போய்விட்டது. அன்று வீட்டில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பைப் வளைந்து வந்தது. ஜூன் 18 அன்று முதல் நாற்காலியை வெல்டு வைத்த சேகர் முகக்கவசத்தைத் தூக்கினார்.

"சார், கொஞ்சம் உசரமா தெரியுதே?"

திரையைப் பார்த்தேன். "ஸ்கிரீன்ல சரியாத்தான் இருக்குதுப்பா. டிராயிங்ல இருக்கறத செய்."

சேகர் ஆறடி. உட்கார்ந்து பார்த்தார். நுனிக்கால் எட்டியது. மற்ற பதினொன்றையும் முடித்துவிட்டார்.

3. பௌர்ணமிக்கு இரண்டு நாள்

ஜூன் 19, புதன்கிழமை, லாட்ஜ் வராந்தாவில் இறக்கினோம். ஏழுமலை உட்கார்ந்தார். இரண்டு காலும் தரைக்கு மேலே ஆடின.

"சேகரு, நான் நாற்காலி கேட்டேனா, ஊஞ்சல் கேட்டேனா?"

640-இல் 0.9 பங்கு 576. அந்த இடத்திலேயே மனதில் போட்டேன். 144 எம்.எம். அதிகம். திரை எதையும் தன் அளவுக்குச் சுருக்கிக் காட்டும் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. எல்லாவற்றையும் எண்ணியவன், உயரத்தை மட்டும் டேப் வைத்துப் பார்க்கவில்லை.

நாற்காலியின் காலை அறுக்கலாம் என்றால் அறுக்கக் காலே இல்லை. கைப்பிடியிலிருந்து இறங்கும் பைப் தரையில் அரைவட்டமாக வளைந்து மறுபக்கம் ஏறுகிறது. சேகர் என்னைப் பார்த்தார். ஒரு மாதத்தில் பதினேழாவது நாளிலேயே என் கணக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

"காலுக்குக் கீழ ஒரு ஸ்டூல் குடுத்துடலாமா சார்?" என்றார் கவிதா.

"ஃப்ரீயா குடுத்தா வெச்சுக்கறேன்" என்றார் ஏழுமலை.

செலவு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். ஸ்டூலின் உயரம் 144. ஈக்வேஷன் ஒன்றுகூடப் போடவில்லை. இந்த முறை வளைவு கிடையாது, நேர்ப் பைப்தான். இரண்டு நாளில் சேகர் பன்னிரண்டையும் முடித்தார்.

சனிக்கிழமை காலை 6.30-க்கு லாட்ஜுக்குப் போய்ப் பார்த்தேன். மலையைச் சுற்றி வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். பன்னிரண்டு நாற்காலிகளில் ஆட்கள் மூன்று பேர்; மீதி ஒன்பதில் பைகள். பன்னிரண்டு ஸ்டூலிலும் பன்னிரண்டு பேர், காலை நீட்டிப் பிடித்துவிட்டுக்கொண்டு.

ஏழுமலை என் தோளில் தட்டினார். "சார், அந்தக் குட்டி ஸ்டூல் இன்னும் இருபது போடுங்க. நாற்காலி வேணாம்."

சேகர் அதன் பிறகு ஒரு மாதப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இப்போது ஓர் எண்ணை மாற்றினால், திரையில் நாற்காலிக்குப் பக்கத்தில் என் உயரத்துக்கு ஓர் ஆளை நிறுத்தி உட்கார வைத்துப் பார்க்கிறேன். ஐந்தடி மூன்று அங்குலம். அந்த ஆளுக்குக் கால் எட்டாமல் ஃபைல் பட்டறையை விட்டு வெளியே போகாது. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களும் ஓர் ஆளை நிறுத்தி வையுங்கள்.

ஸ்டூல் பைப்பும் தகடும் 3,720. பெயின்ட் 660. லாட்ஜுக்கு ஆட்டோ 250. சட்டைப் பையில் இன்றும் இருக்கும் டேப் 40. ஆக, ரூபாய் 4,670.