அப்பாவை மாமா என்ற தேர்வு

ஜார்ஜியாவில் அப்பாவை 'மாமா' என்கிறார்கள். தெருவில் ஒரு குழந்தை "மாமா" என்று கத்திக்கொண்டு ஓடினால் இன்றும் என் கண் ஒரு தாய்மாமனைத் தேடும். மருத்துவம் படிக்க திபிலிசிக்கு வந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்த சொல்தான். ஆனால் நான்காம் ஆண்டு வார்டுத் தேர்வில், படுக்கையிலிருந்த அம்மாள் "மாமாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது" என்றபோது, பதற்றத்தில் என் காது ஓசூருக்கு ஓடிவிட்டது. எங்கள் பக்கம் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. குடும்ப நோய் விசாரிக்கும்போது சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டாக வேண்டும். நானும் அரைகுறை ஜார்ஜியனில் கேட்டேன்: "அவரையா கல்யாணம் செய்துகொண்டீர்கள்?" அந்த அம்மாள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடிவந்தார். நான் ஃபெயில். மறுதேர்விலும் தவறினால் ஓர் ஆண்டு போய்விடும்.

மறுநாள் துறை அலுவலகத்தில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். மதிப்பெண் ஏன் குறைகிறது என்று கண்டுபிடிக்கவாம். எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், கைப்பேசி எவ்வளவு பார்க்கிறாய், தந்தை எதுவரை படித்தார்? கடைசிக் கேள்வியில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாட்றாம்பாளையத்தில் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. அப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறார். ஃபோனில் அவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"ஏம் பாப்பா, நா எட்டாவதோட நின்னதுக்கும் நீ அப்பனப் போயி மாமான்னதுக்கும் இன்னா சம்பந்தம்?"

அந்தக் கட்டத்தைக் குறுக்கே அடித்தேன். கீழே எழுதினேன்: எனக்குப் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, நோயாளிக்கு ஜார்ஜியனில் வலிக்கிறது, இதைக் கேட்க உங்கள் தாளில் இடமில்லை.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கும், என்னைப் போல இங்கே தவறி நிற்பவர்களுக்கும் சொல்கிறேன்: மூளை போதாது என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். கன்னடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்து வந்தது. தெலுங்கு, எதிர்வீட்டு அக்காவின் திட்டிலிருந்து வந்தது. இங்கும் அதையே செய்தேன். அகராதியை மூடிவிட்டு, ரொட்டிக் கடையிலும் மார்ஷ்ருத்கா என்கிற மினி பஸ்ஸிலும் வலியப் போய் வாயைக் கொடுத்தேன். சிரித்தார்கள், திருத்தினார்கள். வெட்கத்தை மட்டும் விட வேண்டியிருந்தது.

மறுதேர்வில் எனக்கு வாய்த்தவர் வயிற்று வலியோடு வந்த லாரி ஓட்டுநர். எப்போது தொடங்கியது, வாந்தி உண்டா, எல்லாம் ஜார்ஜியனில் கேட்டேன். "சந்தைக்காரி மாதிரிப் பேசுகிறாயே" என்றார். அடிவயிற்றின் வலது பக்கத்தை அழுத்திக் கையை எடுத்ததும் மனிதர் துடித்துப்போனார்.

"ஆச்சிண்ணா, ஆச்சி, அவ்ளோதான்."

என் வாயில் வந்தது ஓசூர்த் தமிழ், முடிந்துவிட்டது அண்ணா என்று. அவருக்குப் புரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "ஹோ, ஹோ" என்றார், ஆமாம் ஆமாம் என்று. பேராசிரியர் பாஸ் போட்டார். நோயாளியிடம் வேற்று மொழி பேசியதற்கு மதிப்பெண்ணும் கழித்தார். கழித்துக்கொள்ளட்டும். கேள்வியை ஜார்ஜியனில் கேட்கிறேன். நாளைக்கு இன்னொருவர் துடித்தாலும் எனக்கு 'ஆச்சிண்ணா'தான் வரும்.