மொட்டை பாட்டில்

பிளாஸ்க் தொழிற்சாலையில் அவருக்கு வேலை காற்றை உறிஞ்சுவது. ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் இன்னொரு கண்ணாடிப் பாட்டில். இரண்டுக்கும் நடுவே விரல் நுழையாத இடைவெளி. அடியில் எலிவால் மாதிரி ஒரு குழாய். வாலைப் பம்பில் மாட்டி, நடுவிலிருக்கும் காற்றையெல்லாம் இழுத்துவிட்டு, வாலை நெருப்பில் உருக்கி மூடிவிட வேண்டும். முப்பத்தொரு வருடமாக இதே பிழைப்பு. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "ஒண்ணுமில்லாம பண்றேன்" என்பார். கேட்டவர் அதோடு வாயை மூடிக்கொள்வார். அவருக்கும் அதுதான் சௌகரியம்.

இப்படிச் சிவனே என்று இருந்த மனுஷனைக் கெடுத்தது ஒரு காகிதம். பிளாஸ்குகளைச் சுற்றிக் கட்டப் பழைய புத்தகங்களை மூட்டை மூட்டையாக வாங்கிக் கிழித்து வைத்திருப்பார்கள். போன வருடம் அதில் ஒரு பக்கம் அவர் கையில் அகப்பட்டது. நட்சத்திரங்களுக்கு நடுவே உள்ள வெளியைக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று நிரப்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் எதைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து சேரும் என்று அந்தக் காலத்துப் படித்தவர்கள் நினைத்தார்களாம். அதற்கு ஈதர் என்று பெயர்கூட வைத்துவிட்டார்களாம். அப்புறம் தேடித் தேடிப் பார்த்தும் அகப்படவில்லையாம். 'அப்படியானால் வெளிச்சம்' என்ற இடத்தில் பக்கம் கிழிந்திருந்தது. மிச்சப் பாதிக்காக மூட்டைகளையெல்லாம் கொட்டித் தேடினார். அது எந்த பிளாஸ்கைச் சுற்றிக்கொண்டு எந்த வீட்டுக்குப் போனதோ.

அன்றிலிருந்து டீ நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார ஆட்கள் பயந்தார்கள். "நடுவுல ஒண்ணுமே இல்லைன்னா இங்கேருந்து அங்க ஒண்ணு எப்படிங்க போகும்? தூக்கிட்டுப் போக ஆள் வேணாமா?" என்று பிடித்துக்கொள்வார். ஆறு மாதத்தில் அவருக்கு ஈதர் என்றே பெயர் விழுந்துவிட்டது. மேனேஜர் ஒருநாள் ஞாபகமறதியாக லீவு சீட்டிலேயே அப்படி எழுதிவிட்டார்.

ஊரார் சிரித்தார்கள். அவருக்கு அது சிரிப்பு விஷயமில்லை. அவர் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரே மகள், கட்டிக்கொடுத்த இடத்தில் தூரத்தில் இருக்கிறாள். அப்பாவும் மகளும் நேருக்கு நேர் பேசிப் பழகியதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. கூச்சம்தான், அதுவே காலப்போக்கில் கெட்டிப்பட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை போனை மனைவிதான் பிடித்திருப்பாள். இவர் எதிரில் நின்று, சாப்பிட்டாளா என்பதற்கு விரலைக் குவித்து வாயருகே காட்டுவார். உடம்பு எப்படி என்பதற்கு நெற்றியில் புறங்கையை வைத்துக் காட்டுவார். "அப்பா கேக்குறாரு, சாப்பிட்டியான்னு" என்று அவள் சொல்லுவாள். அவள் போனபிறகு யாரிடம் கையைக் காட்டுவது? மாப்பிள்ளையின் மெசேஜ் மட்டும் எப்போதாவது வரும். வீட்டில் அவர் பேசுவதே குறைந்துபோய், சில நாள் தன் குரல் எப்படி இருக்கும் என்று பார்க்கவே இருமிக்கொள்வார்.

போன வாரம் அப்படி ஒரு மெசேஜ் வந்தது. 'அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி வெளிநாடு கிளம்புறோம். மூணு வருஷம் ஆகும்.' சரி என்று பதில் போட்டார். போவதற்குமுன் ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று மகளிடம் சொல்ல வேண்டும். போனை எடுப்பதும் பெயரைப் பார்ப்பதும் கீழே வைப்பதுமாக ஏழு நாள் ஓடிவிட்டது.

எட்டாம் நாள் காலையில்தான் அந்தத் தப்பு நடந்தது. பம்புக்கு வருமுன் பாட்டிலின் இடைவெளிக்குள் வெள்ளி பூசியிருக்க வேண்டும். பளபளக்கும் பாட்டில்களுக்கு நடுவே பூசாத பாட்டில் ஒன்று மொட்டையாக வந்திருந்தது. குருடனுக்குக்கூடத் தெரியும். இவர், மகள் நினைப்பில், அதையும் உறிஞ்சி மூடிவிட்டார்.

"அண்ணே, மொட்டைக்கும் சீல் வச்சிட்டீங்களே," என்று சோதனைப் பிரிவுப் பெண்மணி அதைத் தூக்கிக் காட்டினாள். வெந்நீர் ஊற்றி, வெளிப்பக்கம் சுடுகிறதா என்று உள்ளங்கையால் பார்ப்பது அவள் வேலை. மற்றவர்கள் சிரித்தார்கள்.

இவருக்கு ரோஷம். "வெள்ளி சும்மா பளபளப்புக்குத்தானே. என் சீல் ஒழுகாது, காத்து உள்ள போகாது. ஊத்திப் பாரு."

ஊற்றினாள். கால் மணி நேரம் கழித்துக் கையை வைத்துப் பார்த்து, "சுடுதுண்ணே, ஒழுகுது," என்றாள்.

அவரும் கை வைத்தார். ஜுரக்காரன் நெற்றி மாதிரி இருந்தது. மின்பொறிக் கோலை எடுத்துப் பாட்டிலில் வைத்தார். உள்ளே காற்று இருந்தால் ஊதாவாக மினுங்கும். மினுங்கவில்லை. மறுபடி வைத்தார். உள்ளே சுத்தமாக ஒன்றுமே இல்லை.

"அப்ப சூடு எப்படி வந்துச்சு?"

"சூட்டுக்கு நடுவுல எதுவும் வேணாமாம்ணே, அதுபாட்டுக்குத் தாண்டி வந்துருமாம். அதைத் திருப்பி அனுப்பத்தான் வெள்ளியே பூசுறோம்னு இன்ஜினியர் சொன்னாரே. நீங்க அன்னைக்கு லீவு."

அவர் பாட்டிலிலிருந்து கையை எடுக்கவேயில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் பின்பக்கம், உடைந்த கண்ணாடிக் குவியலருகே போய், கவிழ்த்த பெட்டி ஒன்றில் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, உடம்புக்கு ஏதாவதா?" பதறினாள் மகள்.

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?"

"யாரு கேக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நான்தான் கேக்குறேன். எப்பவும் நான்தானேம்மா கேப்பேன். அம்மா சொல்லுவாளே, அப்பா கேக்குறாருன்னு."

"அம்மா சும்மா சொல்றாங்கன்னு நெனச்சேன்ப்பா," என்றாள் மகள். "போன்ல உங்க குரல் ஒரு நாள்கூடக் கேட்டதில்லையே."

அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அவர் கண்முன்னே வந்து நின்றது. ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. இப்போது விட்டால் இனி வாய் வராது என்று பயந்து சொல்லிவிட்டார்: "கிளம்புறதுக்கு முன்னால ஒரு தடவை வந்துட்டுப் போம்மா."

"அம்மா இல்லாத வீட்டுல நாம ரெண்டு பேரும் என்னப்பா பேசுவோம்?"

"தெரியலம்மா. சும்மா உக்காந்திருப்போம்."

மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சாப்பிடல. இப்பதான் தட்டுல போட்டேன்."

"அப்ப சாப்பிடு. வச்சிடறேன்."

"வைக்காதீங்கப்பா. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இருங்க."

தட்டில் கரண்டி படும் சத்தம் கேட்டது. அவர் போனைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி அடித்து உள்ளே பம்புகள் ஓட ஆரம்பித்தன. அவர் எழுந்திருக்கவில்லை.