அலமாரிக்குள் போன குரல்

அந்த வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவளுக்குச் 'சங்கு' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஆலைச் சங்கு மாதிரி அப்படி ஒரு குரல். போனில் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்கிற ஆள்கூட, அவள் "வணக்கம், சொல்லுங்க" என்றதும் குதிப்பதை நிறுத்திவிட்டுக் கோளாறைச் சொல்ல ஆரம்பிப்பார். அந்தக் குரலைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கத்தானே செய்யும்?

பிறகு எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். அதே சமயம் பார்த்து, பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மாமனாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வீட்டில் இருந்ததே ஒரு அறைதான். அதில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். "அப்பா தூங்கணும், சத்தம் போடாதே" என்றான் புருஷன். அவள் என்ன செய்வாள்? துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் சட்டைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு பேசினாள். இரண்டு வருஷம் ஊர் உலகத்து வாஷிங் மெஷின்களெல்லாம் அவள் புருஷனின் சட்டைகளுக்கு நடுவேதான் சரியாயின. குரல் தேய்ந்து தேய்ந்து கிசுகிசுப்பாகிவிட்டது. வீட்டு அமைதியில் அதுவே போதுமாக இருந்ததால், அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

மாமனார் கம்பூன்றி நடமாடத் தொடங்கியிருந்தபோது, ஆபீசுக்குத் திரும்பச் சொல்லி உத்தரவு வந்தது. சங்கு இருப்பதிலேயே நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு போனாள்.

ஹால் முழுக்க ஒரே இரைச்சல். முதல் போன் வந்ததும், பழக்கதோஷம், மேஜை இழுப்பறையைத் திறந்து அதற்குள் குனிந்துகொண்டாள். "ஹலோ, ஆள் இருக்கீங்களா இல்லையா?" என்றார் ஒருவர். அடுத்தவர், "என்னங்க, கிணத்துக்குள்ளேருந்து பேசுறீங்களா?" என்று வைத்தேவிட்டார். அவளும் குரலை உயர்த்தத்தான் பார்த்தாள். அது தொண்டை வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"என்னடி, சங்கை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டியா?" என்று பக்கத்து மேஜைத் தோழி சிரித்தாள்.

இன்சார்ஜ் சிரிக்கவில்லை. "சாயங்காலம் வரைக்கும் உங்க லைனை நானும் கேட்டுக்கிட்டு இருப்பேன். இப்படியே இருந்தா, நாளையிலேருந்து ஈமெயில் பிரிவுக்குப் போயிடுங்க. அங்க பேசுற வேலை இல்ல" என்றார்.

பேசுற வேலை இல்லை. பேசத் தெரிந்ததுதான் அவள் பிழைப்பு, பெருமை எல்லாமே.

மதியத்துக்கு மேல் தோழி மைக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். "யாரோ பெரியவர்டி. 'என் மருமகளைக் கொடுங்க'ங்கிறார். எந்த மருமகள்னு கேட்டா, 'அங்க இருக்கிறதுலயே நல்லாப் பேசுறவ'ங்கிறார். நீதானே அது?" என்று சொல்லி, அழைப்பை இவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

"மாமா? இந்த நம்பர் எப்படித் தெரியும்?"

"ஒவ்வொருத்தர்கிட்டயும் போனை வைக்கும்போது நீதானேம்மா சொல்லுவ? எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. ஒண்ணும் கேக்கலையே, சத்தமாப் பேசு."

"மெஷினுக்கு என்ன மாமா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. வீடுதான் சத்தமே இல்லாம கிடக்கு."

"நீங்க தூங்கணும்னுதானே நான் அலமாரிக்குள்ள..."

"யார் தூங்கினா? ஹாரன் சத்தத்துலயே காலம் தள்ளினவன் நான். கண்ணை மூடிக்கிட்டு உன் பேச்சைத்தான் கேட்டுக்கிட்டுக் கிடந்தேன். கத்துறவனையெல்லாம் எப்படிம்மா வழிக்குக் கொண்டு வர்ற! அதைக் கேட்டா வலியே தெரியாது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா வேலையை விட்டுட்டு மாத்திரையும் கையுமா வந்து நிப்ப. அது போகட்டும். இன்னும் எதுக்கு முணுமுணுக்கிற? அங்க யாரு தூங்குறாங்க?"

"யாரும் தூங்கல மாமா!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. இன்சார்ஜ் ஹெட்செட்டைக் காதிலிருந்து பிடுங்கினார். காதைத் தேய்த்துக்கொண்டே, 'அங்கேயே உட்காருங்க' என்று கையைக் காட்டினார்.

"இப்பக் கேக்குதும்மா" என்றார் மாமனார்.

சங்கு இழுப்பறையைக் காலால் தள்ளி மூடினாள். நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அழைத்ததற்கு நன்றி. மறுபடி புகார் இருந்தா..." என்று எல்லோருக்கும் சொல்வதை முழுக் குரலில் தொடங்கினாள். நம்பரை அவரே சொல்லி முடித்தார்.