நெட் போகாத கிளைகள்

துபாயிலிருந்து வந்த அந்த இஞ்சினியர் மதியம் சாப்பிட்டதும் கைபேசியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே உறங்குவார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

எங்கள் வங்கிக் கிளைகளின் ரவுட்டரும் ஸ்விட்சும் தங்கள் சூட்டையும் சுமையையும் நொடிக்கு நொடி தாமே கைபேசிக்குச் சொல்லும்படி செய்தவர் அவர். முன்பெல்லாம் நெட் போனால் குளச்சல் கிளையில் என்னைத்தான் தேடுவார்கள். சரிசெய்ததும் சாயாவும் பழம்பொரியும் வரும். இப்போது கெடுவதற்கு முன்பே போய் நிற்கிறேன். "ஒண்ணும் ஆவல்லியே, என்னத்துக்கு வந்திய?" என்கிறார் மேனேஜர்.

"இப்பிடியானா நம்மள ஒருத்தரும் நெனைக்க மாட்டாவளே, சார்," என்றேன் இஞ்சினியரிடம்.

"நெனைக்காண்டாம் மக்கா, ஒறங்க விட்டா போரும்," என்றார், கண்ணைத் திறக்காமல்.

அவர் வேலையை விட்டுப் போன பிறகு, அதே நாற்காலியில் கைபேசியை நெஞ்சில் வைத்துச் சாய்ந்து பார்த்தேன். எந்தக் கிளையிலாவது நெட் போகாதா என்று விழித்துக் கிடந்தேன்.