திண்டுக்கல்லைத் தாண்டி

எங்கள் வீட்டில் சுற்றுலாக்களுக்குப் போக நினைத்த ஊரின் பெயர் கிடையாது. திரும்பி வந்த ஊரின் பெயர்தான். கல்யாணமான புதிதில் ராமேஸ்வரத்துக்கு என்று கிளம்பியது கரூர் டூர். அதற்குச் சில வருடம் கழித்து வேளாங்கண்ணிக்குக் கிளம்பி, தொட்டியத்தில் ஒரு வாழைத்தார் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது தொட்டியம் டூர். மகள் பள்ளிக்கூடம் படிக்கும்போது கன்னியாகுமரிக்குக் கிளம்பியது திண்டுக்கல் டூர். முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்களே, அது எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

காரணம் கோழி. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. கரூர் போனபோது சூறைக்காற்று கொட்டகைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துச் சோளக்காட்டில் போட்டது. தொட்டியத்தில் இருக்கும்போது தீவனம் அரைக்கிற மிஷின் நின்றுபோனது. திண்டுக்கல்லில் பிரியாணி இலையில் விழுந்த நேரத்தில், கரண்ட் இல்லை, ஜெனரேட்டரும் ஓடவில்லை என்று ஃபோன் வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்ல முடியாது. பார்சல் கட்டி வாங்கி, திரும்பி வருகிற வழியில் வண்டியிலேயே சாப்பிட்டோம்.

நான் கடலைப் பார்க்காதவள் அல்ல. கல்லூரியில் அழைத்துப் போயிருக்கிறார்கள். அவரோடு பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. இத்தனை வருடம் நாங்கள் ஒன்றாக நின்று பார்த்ததெல்லாம் கொட்டகைகளைத்தான். அதிகபட்சம் ஜேடர்பாளையம் அணைக்குப் போவோம். குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டு, வெயில் ஏறுவதற்குள் பண்ணைக்குத் திரும்பிவிட வேண்டும். கடல் பேச்சை எடுத்தாலே, "தண்ணிதான, ஜேடர்பாளையத்துல இல்லாததா" என்பார். எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறும்.

போன கோடையில் மகள் வேலை கிடைத்து வெளியூர் போக இருந்தாள். போய்ச் சேர்ந்துவிட்டால் லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் மே மாதத்திலேயே போய்வந்துவிட வேண்டும் என்று நானும் என் கல்லூரித் தோழியும் முடிவு செய்தோம். தோழி சேலம் அம்மாபேட்டைக்காரி. அவள் வீட்டில் சேலை வியாபாரம். ஏழு பேர் உட்காரும் கார் ஒன்று வைத்திருக்கிறார்கள். அவள் கணவர் ஓட்டுவது என்று ஆனது. தூத்துக்குடி வரை போய், அங்கிருந்து கடலோரச் சாலையைப் பிடித்துக் கன்னியாகுமரி போவதாகத் திட்டம்.

எங்கள் வீட்டுக்காரர் வாயைத் திறக்கும் முன்பே அவர் தங்கை திறந்துவிட்டாள். ராசிபுரத்தில் டீச்சராக இருக்கிறாள். பள்ளிக்கூடம் லீவு. பண்ணையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அவர் அவளுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். வெயில் ஏறும் முன்பே கூரைமேல் தண்ணீர் தெளிக்கிற குழாயைத் திறந்துவிட வேண்டும், பக்கவாட்டில் தொங்குகிற சாக்குப் படுதா காயவே கூடாது, கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் உடனே ஃபோன் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, நங்கை கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே தான் அந்தக் கொட்டகையில் தீவன வாளி தூக்கியவள் என்று அவள் சொன்னாள். நங்கை என்றால் நான்தான். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

விடிவதற்கு முன் கிளம்பினோம். புளிச்சோறு, தயிர்ச்சோறு, வேகவைத்த முட்டை. முட்டை எதற்கு, வழியெல்லாம் கடை இருக்கிறதே என்று தோழி கேட்டாள். நாமக்கல்காரி காசு கொடுத்து முட்டை வாங்கித் தின்றால் வெளியே தலைகாட்ட முடியுமா? கரூர் தாண்டியபோது மகள் கைதட்டினாள். திண்டுக்கல் வந்ததும் தோழி காரை நிறுத்தச் சொல்லி, ஊர்ப் பலகையின் அடியில் எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். அந்தப் படத்தில் அவர் சிரிக்கிறார். ஆனால் ஒரு கை சட்டைப் பையில் இருக்கிற ஃபோன் மேலேயே இருக்கிறது.

திண்டுக்கல் தாண்டியதும் நான் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். இனிமேல் எல்லாமே எங்களுக்குப் புது ஊர். மதுரைக்குத் தெற்கே மரம் குறைந்து வானம் அகலமானது. அவர் கண்ணுக்கு அதெல்லாம் தெரியவில்லை. ரோட்டோரம் ஒரு கோழிக்கொட்டகை தென்பட்டால் போதும், தலையைத் திருப்பிக்கொண்டே வருவார். ஒன்றைத் தெற்கு வடக்காகக் கட்டியிருந்தார்கள். காலை வெயிலும் மாலை வெயிலும் நேராக உள்ளே அடிக்குமே, அந்த ஆளுக்கு எடுத்துச் சொல்ல யாருமே இல்லையா என்று அடுத்த ஊர் வரும்வரை புலம்பினார். தோழியோ பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பெண்களின் சேலையைப் பார்த்து எந்த ஊர்த் தறி என்று சொல்லிக்கொண்டு வந்தாள். இவர் கண்ணுக்கு ஊரெல்லாம் கொட்டகை, அவள் கண்ணுக்கு ஊரெல்லாம் முந்தானை. இப்படியும் ஒரு சுற்றுலா உண்டா என்று மகளும் நானும் சிரித்தோம்.

தூத்துக்குடி போய்ச் சேரும்போது நல்ல உச்சி வெயில். டீ குடிக்க நிறுத்தினோம். தோழியும் மகளும் பக்கத்து பேக்கரியில் மக்ரூன் வாங்கப் போனார்கள். நானும் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது என் ஃபோன் அடித்தது. நாத்தனார். அவருக்கு அடிக்காமல் எனக்கு அடிக்கிறாள் என்றதுமே பண்ணையில் ஏதோ கோளாறு என்று தெரிந்துவிட்டது.

"மோட்டார்ல காயில் எரிஞ்சுபோச்சுங்க நங்கை. மேல தண்ணி ஏறல. பக்கத்துத் தோட்டத்துல கேட்டு டிராக்டர்ல டேங்க் வெச்சு அடிச்சுட்டு இருக்கறோம். மெக்கானிக்குக்கும் ஆள் போயிருக்குது. அண்ணங்கிட்டச் சொல்லீராதீங்க. சொன்னா வண்டியத் திருப்பீருவாரு."

கோழிகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டேன். வாயைப் பிளக்க ஆரம்பித்திருக்கின்றன, ஆனால் சமாளித்துவிடலாம் என்றாள். ஃபோனை வைத்துவிட்டாள்.

நான் அந்தப் பேக்கரி வாசலிலேயே நின்றேன். அந்தக் கோழிகள் அவருடையவை மட்டும் அல்ல. குஞ்சாக வந்து இறங்கிய நாளிலிருந்து நானும்தான் வளர்த்தேன். மே மாத மத்தியானத்தில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? வெக்கை தாங்காமல் கோழிகள் சுருண்டு விழும், கொட்டகைக்குள் ஒரு சத்தமும் இருக்காது. ஆயிரக்கணக்கில் கோழி இருக்கிற இடத்தில் சத்தம் இல்லாமல் போவதைப் போலப் பயமுறுத்துவது வேறு இல்லை. போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் திரும்பினேன். அவர் எதிர்ப்பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் நின்று ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். தீவன லாரிக்காரர்களோடு எப்போதும் பேசுவதுதான். பேசி முடித்துவிட்டு டீக்கடைக்கு வந்தார். இன்னொரு டீ சொன்னார்.

என் வீட்டுக்காரர் இரண்டாவது டீ சொல்லி நான் அதுவரை பார்த்ததில்லை. முதல் டீயையே நின்றபடி நாக்குச் சுட இரண்டு மடக்கில் குடித்துவிட்டு ஓடுகிற ஆள். அன்று பெஞ்சில் உட்கார்ந்து, ஊதி ஊதிக் குடித்தார். இங்கிருந்து கடல் தெரிகிற ரோடு எப்போது வரும் என்று தோழியின் கணவரிடம் விசாரித்தார். இவ்வளவு சந்தோஷமாக இருக்கிற மனிதரிடம் போய் எப்படிச் சொல்வது? நாக்கு நுனி வரைக்கும் வந்ததை மென்று முழுங்கினேன். உள்ளே ஒரு குரல், சந்தோஷமாக இருக்கிறார் என்பதற்காகவா சொல்லாமல் விட்டாய், கடலைப் பார்க்காமல் போய்விடுமே என்று விட்டாயா என்று கேட்டது. அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் காரில் ஏறிவிட்டேன்.

உப்பளங்கள் வந்தன. வெள்ளை வெள்ளையாக உப்பைக் குவித்திருந்தார்கள். திருச்செந்தூரில் கூட்டம் நெரித்தது. கோபுரத்தைப் பார்த்துக் காரிலிருந்தே கும்பிட்டோம். முருகா, கோழிகளைப் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன். இங்கே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. அதைத் தாண்டித் தேரி என்கிற செம்மணல் மேடும் பனைமரமுமாக வந்தது. மணப்பாடு வந்தால் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். மகள் பாட்டுப் போட்டாள். தோழி மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்தாள். அது வாயில் போட்டதும் கரைந்துவிடும் என்பார்கள். என் வாயில் சாக்பீஸ் மாதிரி இருந்தது. அவர் என்னவென்றால், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு ஊரின் பெயரையும் பலகையில் பார்த்துப் பார்த்துச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். ஒரு கொட்டகையைப் பற்றியும் பேசவில்லை.

மணப்பாட்டைத் தாண்டி ஒரு இடத்தில் கடல் ரோட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. தோழியின் கணவர் பனை நிழலில் காரை நிறுத்தினார். வெயில் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆளே இல்லாத கரை. இரண்டு மூன்று படகுகளை மணலில் ஏற்றிவைத்திருந்தார்கள். மகளும் தோழியும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார்கள். எங்கள் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காட்டில் வரப்பு மேல் நடப்பதைப் போலப் பார்த்துப் பார்த்துக் கால்வைத்துத் தண்ணீருக்குள் போனார். முழங்கால் அளவு வந்ததும் நின்றார். காற்று அவர் சட்டையைப் பின்பக்கம் உப்ப வைத்தது.

"எத்தன காத்து பாரு. அத்தனையும் வீணாப் போவுது. இதுல காவாசி நம்ம கொட்டகைக்கு வந்தாப் போதும்" என்றார்.

வாழ்க்கையில் முதல் முறையாகக் கடலைப் பார்த்த ஒரு மனிதர் சொன்ன வார்த்தை இதுதான். வேறு நாளாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அன்று, கொட்டகை என்ற சொல் காதில் விழுந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏனுங்க, மோட்டார் எரிஞ்சுபோச்சுங்க. மத்தியானமே உங்க தங்கச்சி சொல்லீட்டா. நாந்தான் சொல்லல. வாங்க, திரும்பிப் போயிரலாம்."

அவர் கடலைப் பார்த்தபடியே நின்றார்.

"தெரியும்" என்றார். "மோட்டார் கட்டறவனுக்கு என்ற நம்பர் தவுர வேற நம்பர் ஏது? தூத்துக்குடியிலயே சொல்லீட்டான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேப்பமரத்தடியில் பேசியது தீவன லாரிக்காரர்களோடு அல்ல. தெரிந்துகொண்டே அந்த இரண்டாவது டீயைக் குடித்திருக்கிறார். தெரிந்துகொண்டே ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். அப்படியானால் ஏன் வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சொல்லத்தான் வந்தேன். நீ அந்தக் கடை வாசல்ல ஃபோனக் கையில வெச்சுட்டு நின்னுட்டிருந்த. மூஞ்சியப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, உனக்கும் தெரியும்னு. சரி, நீயே வந்து சொல்லுவேன்னு ஒரு டீயச் சொல்லீட்டு உக்காந்தேன். கோழி ஒன்னு தீனி திங்காம நின்னாக்கூட ஓடியாந்து சொல்றவ நீ. அவ சொல்லாம வண்டியில ஏறி உக்காருறான்னா, எத்தன வருசமா இதுக்கு ஆசப்பட்டுக் கெடந்திருப்பான்னு அப்பத்தான் தெரிஞ்சுது."

"அப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்" என்றேன். கோபமாகச் சொல்ல நினைத்தது அழுகையாக வந்தது. நல்லவேளை, கடலில் நின்றால் முகம் எப்படியும் நனைந்துதான் இருக்கும். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கட்டிக்கொடுத்த நாளிலிருந்து, நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவர் என் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ஒரு அலை வந்து மோதி என் சேலையை இடுப்பு வரைக்கும் நனைத்தது. விழாமல் இருக்கத்தான் பிடித்தாரோ என்னவோ, எனக்கு அது போதும்.

அப்போது அவர் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. எத்தனை முறை கேட்ட சத்தம். கரூரில், தொட்டியத்தில், திண்டுக்கல்லில் எல்லாம் கேட்ட அதே சத்தம். என் உடம்பு தானாகவே காரைப் பார்த்துத் திரும்பியது. அவர் ஃபோனை எடுத்துப் பெயரைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நீயே பேசு. தங்கச்சிதான்."

வாங்கிக் காதில் வைத்தேன். காயில் கட்டிக்கொண்டு வந்து மோட்டாரைப் போட்டாயிற்று, கூரை நனைந்துவிட்டது, கோழிகள் சத்தம் போட ஆரம்பித்துவிட்டன என்று மூச்சு விடாமல் சொன்னாள். இனிமேல் அண்ணனிடம் சொன்னாலும் பயமில்லை என்று அவர் நம்பருக்கே அடித்திருக்கிறாள். சேதாரம் கொஞ்சம் இருக்கிறது, வெயில் காலத்தில் எப்போதும் இருப்பதுதான் என்றாள். பின்னால் கோழிகளின் இரைச்சல் எனக்குக் கேட்டது. இந்தப் பக்கம் அலை இரைகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். அதென்ன சத்தம், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"கடல்ல நிக்கறோம்" என்றேன்.



"அண்ணனுமா?"

"அண்ணனுந்தான்" என்றேன்.