ஆட்கணக்கு நிறைந்த படகு

சுவிஸின் பாசல் நகரில் ஒரு பனிக்காலம் முழுக்கக் கடல் நீலத்தைக் கனவு கண்டு, நானும் மனைவியும் பசிபிக் தீவுகளுக்குப் பாய்மரப் படகில் போனோம். கப்டனும் மற்றப் பயணிகளும் சுவிஸ்காரர்கள். அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

கடைசித் தீவில் ஊரே கூடி எங்களுக்கு மீன் சுட்டுத் தந்தது. தங்கள் கிணற்றுத் தண்ணீரால் எங்கள் தொட்டியையும் நிரப்பிவிட்டார்கள். புறப்படும் நேரம் ஒரு தாய், காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் போட்டபடி கடலுக்குள் இறங்கி வந்தாள். ஊர்ப் படகு பழுதாம். ஆஸ்பத்திரி இருக்கும் பக்கத்துத் தீவில் இறக்கிவிடும்படி கெஞ்சினாள்.

"ஆட்கணக்கு நிறைந்துவிட்டது. இன்சூரன்ஸ் விடாது," என்றார் கப்டன். அவர் கையில் அந்த ஊர் தந்த இளநீர் இருந்தது. அவ்வளவு அழகான கடலின் மேல் அவ்வளவு அசிங்கமான சொல்.

"இந்தாளின்ரை கதையைக் கேட்டியளோ?" என்று மனைவி சீறினாள். "ஆட்கணக்குத்தானே பிரச்சினை? இஞ்சாருங்கோ, இறங்குங்கோ. நாங்கள் இங்கை நிப்பம்."

நாங்கள் இறங்கினோம், அவர்கள் ஏறினார்கள். மறுநாள் எங்களை ஏற்றத் திரும்பி வந்த படகோடு, பிள்ளை தப்பிவிட்டாள் என்ற செய்தியும் வந்தது. கூடவே சூக் நகரிலிருந்து வந்த பயணி ஒருவரின் முறைப்பாடும்: "உங்களால் எங்களுக்கு ஒரு நாள் வீண்."

வீணாம்!

இப்போது எந்தப் பயணத்தையும் பதிவு செய்யுமுன் ஒன்று கேட்கிறேன்: "வழியில் ஊர்க்காரருக்குக் காய்ச்சல், வருத்தமென்றால் படகில் ஏற்றுவீர்களா?" பதில் இன்சூரன்சில் தொடங்கினால், வணக்கம்கூடச் சொல்லாமல் போனை வைத்துவிடுகிறேன்.