விளக்கு வைத்த பிறகு எண்ணெய்

யுத்த காலம். முதலாளி வாங்கும்போதே நான் ஓட்டின கார் கிழம். அடித்தொட்டியில் எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும். இஞ்சினுக்கும் தொட்டிக்கும் நடுவில் வைக்கிற கார்க் அட்டை சேலத்தில் எந்தக் கடையிலும் இல்லை. செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி வெட்டிப் போட்டேன். ஓரமெல்லாம் துணிச் சவுக்காரத்தைப் பிசைந்து அப்பினேன். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தகடு வளைந்துவிடும். காலையில் முதல் வேலை, வண்டிக்கு அடியில் மண்ணைப் பார்ப்பது. காய்ந்திருந்தால்தான் கிளப்புவேன்.

அன்றைக்கு மண் நனைந்துதான் இருந்தது. கிளப்பினேன். என் மனைவிக்கு வலி கண்டு இரண்டாம் நாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, சேலம் ஆஸ்பத்திரிக்குப் போ என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். முதலாளி வண்டி கொடுத்தார். பின் சீட்டில் அவளும் மாமியாரும்.

மல்லசமுத்திரம் தாண்டியதும் இஞ்சின் தட்ட ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தேன். சூட்டில் சவுக்காரம் இளகி எண்ணெய் எல்லாம் ரோட்டில். டின்னில் இருந்ததை ஊற்றினேன். போதவில்லை. இப்படியே ஓட்டினால் இஞ்சின் இறுகிவிடும்.

"ஏனுங் மாப்ள, நின்னு போச்சுங்ளா?" என்றார் மாமியார்.

"எண்ணெய் வேணுங்க அத்தை."

மனைவியின் முனகல்கூட நின்றிருந்தது.

ரோட்டோரம் சில வீடுகள். ஆமணக்கு விளைகிற பக்கம், விளக்கெண்ணெய் இல்லாத வீடு கிடையாது. அது இஞ்சின் சூட்டுக்கு நிற்கும். ஆனால் பொழுது இறங்கிவிட்டது. முதல் வீட்டில், "வெளக்கு வெச்ச பொறவு எண்ணெய் குடுக்கறதில்லீங்க," என்று கதவைச் சாத்தினார்கள்.

அடுத்த வாசலில் கட்டிலில் கிடந்தவர் கேட்டார்: "காருக்கு வெளக்கெண்ணையா? அதுக்கும் வயிறு கட்டிக்கிச்சா?"

"ஒழுகறதுதானுங்க தொந்தரவு," என்றேன். சிரித்தார். எண்ணெய் தரவில்லை.

மூன்றாம் வீட்டில் ஒரு பெண் வந்தாள். "வண்டீல யாருங்க?"

"என்ற பொஞ்சாதிங்க. புள்ள குறுக்கே கெடக்குதுங்க."

உள்ளே போனாள். மாடத்தில் எரிந்த விளக்கைப் பூவால் குளிர வைத்தாள். வீடு இருண்டது. சொம்பு நிறைய எண்ணெயோடு வந்தாள்.

"இப்ப வெளக்கு எரியலீங்க. கொண்டு போங்க."

ஊற்றினேன். மெதுவாகவே ஓட்டினேன். தட்டல் அடங்கியது. சேலம் நெருங்கும்போது பின் சீட்டில் மனைவி முனகினாள். அந்தச் சத்தம் கேட்டால் போதும் என்றிருந்தது.

பிள்ளை அழவில்லை. ஆஸ்பத்திரியில் அவளை மீட்டுக் கொடுத்தார்கள்.

விளக்கெண்ணெய் உள்ளே கிடந்தால் பிசினாகிவிடும். இஞ்சினைக் கழுவினேன். தோலை மாற்றினேன். ஒரு நாள் பொழுதோடே சொம்பை நிரப்பிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன்.

"என்ன கொழந்தைங்க?"

"அவ பொழச்சுக்கிட்டாளுங்க."

"உக்காருங்க, தண்ணி குடிச்சுட்டுப் போங்க," என்று சொம்பை வாங்கிக்கொண்டாள்.

குடித்தேன். புறப்படும்போது, பழக்கத்தில், வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். மண் நனைந்திருந்தது.